டாக்டர் இல்லாத அறை

என் அத்தையைக் குழந்தைகள் ‘குப்பைத்தொட்டி டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் காதுபடவே. பெரிய மருத்துவமனையின் நான்காவது மாடியில், குழந்தைகள் மனநலப் பிரிவின் கதவில், அவருடைய பட்டங்களை இரண்டு வரிக்கு எழுதிய பலகை தொங்குகிறது. அதை எந்தப் பிள்ளையும் படித்ததாகத் தெரியவில்லை.

பெயர் வந்த கதை இது. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போன ஒரு சிறுமி அவரிடம் வந்தாள். கதவின் கைப்பிடியைத் தொட மாட்டாள், நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். எதையாவது தொட்டால் தன் கையிலிருந்து தம்பிக்கு நோய் ஒட்டி அவன் செத்துப்போவான் என்று ஓர் எண்ணம் அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எண்ணச் சுழற்சி நோய் என்பது இதுதான். எண்ணம் பொய் என்று பிள்ளைக்கே தெரியும். தெரிந்தும் அது விடாது. பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டு, கழுவாமல் இருந்து பழகுவதுதான் சிகிச்சை. இதில் அத்தைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளையைச் செய்யச் சொல்லும் எதையும் முதலில் தான் செய்துவிட வேண்டும். அறை மூலையிலிருந்த குப்பைத்தொட்டியின் மூடிமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். கையைத் துடைக்காமல் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார்.

சிறுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது சுருண்டு விழுவார் என்று.

“வயிறு வலிக்கலையா?”

“வலிச்சா உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்.”

அடுத்த வாரம் உள்ளே நுழையும்போதே, “வலிச்சுதா?” என்றாள்.

“இல்லையே. நீ வேணா மூடியோட ஓரத்தை மட்டும் தொட்டுப் பாரேன். ஒரு விரல் போதும்.”

ஒரு விரல் கையானது, கை பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. “டாக்டரம்மாவுக்கு பிஸ்கட் தின்ன ஒரு சாக்கு வேணும், அதுக்கு ஒரு வைத்தியமுறை” என்று துறைத்தலைவர் இன்றுவரை கிண்டல் செய்கிறார்.

ஆனால் அத்தை இந்தத் துறைக்கு வந்தது கை கழுவும் பிள்ளைகளுக்காக அல்ல. என் அப்பாவுக்காக.

அப்பா அத்தைக்குத் தம்பி. சின்ன வயதில் அவர் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுவார், கழுத்தை வலப்பக்கம் வெட்டுவார், தொண்டையிலிருந்து கொக்கரிப்பது போல ஒரு சத்தம் வரும். வகுப்பில் ‘கோழி’ என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர் வெளியே நிறுத்தினார். வீட்டில் திமிர் என்று நினைத்து அடித்தார்கள். மருத்துவக் கல்லூரியில் மூன்றாவது வருடம் படிக்கும்போது, ஒரு பாடப் புத்தகத்தில் தன் தம்பியை அப்படியே எழுதி வைத்திருந்ததை அத்தை பார்த்தார். அதற்கு ‘டிக்’ என்று பெயர். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. தும்மலுக்கு முன் மூக்கில் ஏறுமே ஓர் உறுத்தல், அதுபோல உடம்பில் ஓரிடத்தில் ஏறும், வெட்டினால்தான் அடங்கும். கொஞ்ச நேரம் அடக்கி வைக்கலாம், தும்மலை அடக்குவது போல. அதற்குமேல் முடியாது.

அன்றே விடுதியிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாராம்.

“உனக்குத் திமிரெல்லாம் இல்லடா. இதுக்கு ஒரு பேரு இருக்கு.”

“பேரு இருக்கு சரி. மருந்து இருக்கா?”

“இருக்கு. ஆனா தூக்கம் தூக்கமா வரும், மந்தமா இருக்கும்.”

“அப்ப வேற ஏதாவது கண்டுபிடி. சும்மா எதுக்கு ஃபீஸ் கட்டறாங்க உனக்கு?”

அத்தைக்கு வேலை போட்டுக் கொடுத்ததே தான்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கழுத்து வெட்டு இப்போதும் முழுதாகப் போகவில்லை. “கம்பியில தொங்கிக்கிட்டு வேலை பாக்கறப்ப ஒருநாளும் வந்ததில்ல. மாமியார் வீட்டு வாசல்ல நின்னா மட்டும் வந்துடும்” என்பார். அம்மா முறைப்பார்.

படிப்பு முடிந்து, குழந்தை மனநலத்தில் மேல்படிப்பும் முடித்து, டிக் பற்றி ஆராய வேண்டும் என்று அத்தை போய் நின்றபோது, “கண்ணு சிமிட்டறதுக்கெல்லாமா ஆராய்ச்சி?” என்று ஒரு மூத்த மருத்துவர் சிரித்தார். கொடுத்த அறையில் உடைந்த சக்கர நாற்காலிகள் அடைந்து கிடந்தன. அத்தை அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு மேசை போட்டார். சக்கரம் ஓடும் ஒன்றிரண்டைப் பிள்ளைகள் விளையாட வைத்துக்கொண்டார்கள்.

அங்கே பல ஆண்டுகள் உழைத்து அவர் உருவாக்கியது ஒரு பயிற்சி. உறுத்தல் ஏறுவதைப் பிள்ளை முதலில் கவனிக்கப் பழக வேண்டும். ஏறியதும், வெட்டுக்கு எதிரான ஒன்றைச் செய்ய வேண்டும். கழுத்து என்றால் முகவாயை மெல்லத் தாழ்த்தி நிறுத்துவது. தொண்டைச் சத்தம் என்றால் மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. உறுத்தல் தானாக வடியும்வரை அப்படியே இருந்தால், நாளடைவில் அது ஏறுவதே குறையும். இந்த அடிப்படை முன்பே இருந்தது. அதை மருத்துவர் இல்லாத சிறிய ஊரிலும் ஒரு செவிலியர் சொல்லிக்கொடுக்கும்படி, பெற்றோர் வீட்டில் தொடரும்படி எளிமையாக்கியதுதான் அத்தையின் வேலை.

அது பலன் தருகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அத்தையே பயிற்சி கொடுத்தார். இன்னொரு குழுவிடம் வேறோர் ஊழியர் நோயைப் பற்றிப் பேசி விளக்கினார், அவ்வளவுதான். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு சிறிய அறையில் தனியாக உட்காரவைத்து வீடியோ எடுத்தார்கள். ஆள் பார்த்தால் பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அறையில் டாக்டர் இருக்கக் கூடாது, யாருமே இருக்கக் கூடாது. ஒரு சோபா, கொஞ்சம் படப் புத்தகங்கள், அலமாரி மேல் கேமரா. வெட்டுகளை எண்ணியவர்கள் வேறு கட்டிடத்தில் இருந்தார்கள். எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஏறக்குறைய எல்லா வீடியோவும் எண்ணி முடிந்ததும் குழுவாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அத்தையின் பிள்ளைகளுக்கு டிக் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மற்ற குழுவில் மாற்றமே இல்லை. துறைத்தலைவர் அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகு தன் கையையே பார்த்து, “குப்பைத்தொட்டியைத் தொட்டீங்களா இன்னைக்கு?” என்றாராம். சுகாதாரத் துறை அழைத்தது. நாடு முழுவதும் சிறு மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சியைக் கொண்டுபோகலாம் என்றார்கள். அந்தத் துறையின் நிபுணர் குழுவின் முன் அத்தை விளக்கம் சொல்ல நாள் குறித்தார்கள். அப்பா அதற்கென்று ஒரு சட்டை வாங்கினார். “நீ எதுக்குடா சட்டை வாங்கறே, பேசப்போறது நானில்லையா?” என்றார் அத்தை. “நான்தானே மூலப்பொருள்” என்றார் அப்பா.

அந்த நாளுக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு மழை மதியம், அத்தையிடம் பயிற்சி பெற்றவர்களில் கடைசியாக வீடியோவுக்கு வர வேண்டிய ஒரு சிறுமி வந்துபோனாள். அவளை ‘வக்கீல்’ என்று அத்தை கூப்பிடுவார். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்பாள், பதில் சொன்னால் “அதுக்கு என்ன சாட்சி?” என்பாள். கழுத்து வெட்டும் கீச்சென்ற சத்தமும் அவளுக்கு. வீடியோ எடுத்து முடித்து அம்மாவோடு கிளம்பியவள் சோபாவில் தன் மழைக்கோட்டை விட்டுவிட்டாள். அத்தை அதை எடுத்துக்கொண்டு அடித்தளத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்.

காரைத் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தமே வழிகாட்டியது. பின்னிருக்கையில் வக்கீல் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தாள், விடாமல், மூச்சு வாங்க வாங்க. ஒவ்வொரு வெட்டோடும் அந்தக் கீச்சு. முன்னிருக்கையில் அம்மா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, மகள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். இருவருக்கும் பழகிப்போன வேலை போல இருந்தது அது.

அத்தையைப் பார்த்ததும் அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அதுதான் அத்தையை அதிகம் உலுக்கியது. அவர் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடக்கி வச்சிருந்தியா?”

“ம்.”

“எப்பலேர்ந்து?”

“மேல வர லிஃப்டுல ஏறினதுலேர்ந்து.”

“ரூம்ல நான் இல்லையேம்மா. யாருமே இல்லையே.”

“கேமரா இருந்துச்சே.”

“அதை நான் பாக்க மாட்டேன். யாரோ ரெண்டு பேரு பாப்பாங்க.”

“தெரியும். ஆனா அதை வச்சு உங்களுக்குத்தானே மார்க் போடுவாங்க?”

அம்மா ரேடியோவை அணைத்துவிட்டுத் திரும்பினார். “வீட்டுலயும் குறைஞ்சிருக்கு டாக்டர், சத்தியமா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. ஆனா உங்க ரூம்ல இருக்கற அளவுக்கு இல்ல. சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு…”

“மார்க் போச்சா?” என்றாள் வக்கீல்.

“போச்சு.”

“என்னாலயா?”

“உன்னால இல்லடி கண்ணு. கேள்வித்தாளே தப்பு. அதை எடுத்தது நான்.”

“அதுக்கு என்ன சாட்சி?”

“நீதான் சாட்சி. இப்ப அடக்காதே. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்.”

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் வெட்டித் தீர்த்தாள். அத்தை மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

தவறு எங்கே என்று மேலே ஏறி வருவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் வீடியோ எடுத்த நாளில் அவர் இந்தப் பிள்ளைகளுக்கு யாரோ. கடைசி வீடியோ எடுத்த நாளில் அவர் குப்பைத்தொட்டி டாக்டர், கூடச் சிரித்தவர், கூட பிஸ்கட் தின்றவர். மற்ற குழுப் பிள்ளைகள் அவரோடு உட்கார்ந்ததே இல்லை. யாருக்காகவும் அடக்க அவர்களுக்கு அவசியமில்லை. ஆளை அறையிலிருந்து வெளியே அனுப்பிய அத்தை, ஆள்மேல் உள்ள பிரியத்தை வெளியே அனுப்ப மறந்துவிட்டார். அந்த நல்ல கணக்கில் பயிற்சி எவ்வளவு, பிரியம் எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னார். அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“இது உனக்கு இப்பதான் தெரியுமா, அக்கா?”

“எது?”

“உனக்காக அடக்கி வைக்கறது. நான் கழுத்தை வெட்டி நீ எவ்வளவு பாத்திருக்கே?”

“நிறையப் பாத்திருக்கேனே.”

“பாதி பாத்திருப்பே. என்னை ஸ்கூல் கேட்டுல விட்டுட்டு நீ அந்தப் பக்கம் திரும்பினதும், மிச்சத்தைச் சுவத்துப் பக்கம் நின்னு தீத்துக்கிட்டு அப்புறம்தான் உள்ள போவேன்.”

அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “ஏன்டா சொல்லல?” என்றார்.

“சொன்னா அழுவே. அப்புறம் உன்னை நான் சமாதானப்படுத்தணும். எனக்கு ஹோம்வொர்க் இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

துறைத்தலைவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “டாக்டர் மேல பிரியம் வந்து குணமானா அதுவும் வைத்தியம்தானே? எந்த மருந்துலதான் அது கலக்கல? வர்றதை ஏன் தட்டிவிடறீங்க? பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நான் ஒருத்திதான் சார் இருக்கேன். நறுக்கி ஊர் ஊரா அனுப்ப முடியாது.”

“பயிற்சியும் கொஞ்சமாவது வேலை செய்யுமில்ல?”

“செய்யும்னுதான் நானும் நம்பறேன். செய்யலன்னா? அப்ப யாரைத் திட்டுவாங்க? என்னையா? பிள்ளையைத்தான் திட்டுவாங்க. ‘சொல்லிக் குடுத்தாங்கல்ல, ஏன் நீ செய்யல, திமிரா’ம்பாங்க. அந்த ஒரு வார்த்தையை அதுங்க மேலேர்ந்து எடுக்கத்தான் சார் நான் இந்த வேலைக்கே வந்தேன்.”



குறித்த நாளில் அத்தை போனார். கணக்கைக் காட்டினார். பிறகு அதை ஏன் நம்பக் கூடாது என்று அதே நிதானத்தோடு விளக்கினார். குழுவில் ஒருவர் குழம்பிப்போய், “அப்ப உங்க பயிற்சி வேணாம்னு நீங்களே சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“இன்னைக்கு வேணாம்னு சொல்றேன். திரும்ப வருவேன்.”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று மருத்துவமனையில் பேசிக்கொண்டார்கள். அப்பா புதுச் சட்டையை உறையோடு அலமாரியில் வைத்தார். மாமா, அத்தையின் கணவர், அதிகம் பேசாதவர், அன்று மாலை மட்டும், “இவ பொய் சொல்லி நான் பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்துடுவேனோன்னு பயந்துட்டேன்” என்றார்.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பயிற்சியைச் செவிலியர்கள் கொடுத்தார்கள். இரண்டு குழுவுக்கும் அதே செவிலியர்கள், அதே விளையாட்டுச் சாமான், அதே பிஸ்கட். வேறுபட்டது பயிற்சி மட்டும். பெற்றோரின் சம்மதத்தோடு கேமராவை வீட்டுக் கூடத்தில் புத்தக அலமாரியில் வைத்து, அது இருப்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோகும்வரை விட்டுவைத்தார்கள். சண்டை, சாப்பாடு, தொலைக்காட்சி எல்லாம் ஓடும் பொழுதுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து எண்ணினார்கள். பிள்ளைகள் அத்தையைப் பார்க்கவே கூடாது. அவர் அறையை வேறு மாடிக்கு மாற்றிக்கொண்டார். பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். நான்காவது மாடியில் சக்கர நாற்காலிப் பந்தயம் நடக்கும் சத்தம் மேலே அவர் அறைவரை கேட்கும். அந்தக் காலத்தில் அத்தை எரிச்சலோடு இருந்தார். மாமா சமைத்ததில் உப்பு சரியில்லை என்றார், அது சரியாகவே இருந்தது. பிள்ளைகள் இல்லாத மருத்துவமனை அவருக்கு வெறும் கட்டிடம்.

வக்கீல் ஆராய்ச்சியில் இல்லாததால் அவளுக்கு மட்டும் தடையில்லை. பள்ளி விட்டு வந்து அத்தையின் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வெட்டு வந்தால் வெட்டுவாள், பயிற்சி செய்யத் தோன்றினால் செய்வாள். “எப்ப மார்க் வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

மூன்றாவது ஆண்டு வந்தது. புள்ளியியல்காரர் கணினியைத் திருப்பிக் காட்டிவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார். “பழைய அளவுக்கு இல்ல டாக்டர். அப்ப பாதிக்கு மேல இறங்குச்சு. இப்ப மூணுல ஒரு பங்குதான்.”

“அளவு கிடக்கட்டும். பயிற்சி முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு எடுத்தோமே, அதுல நிக்குதா?”

“நிக்குது.”

“இன்னொரு தடவை போடுங்க.”

“போட்டாச்சு. நீங்க கேப்பீங்கன்னு தெரிஞ்சு நேத்தே போட்டுப் பாத்துட்டேன். நிக்குது.”

அத்தை எழுந்து, நேரே நான்காவது மாடிக்கு முன்பக்கப் படிக்கட்டிலேயே இறங்கிப் போனார்.

சுகாதாரத் துறை இந்த முறை தயங்கவில்லை. கணக்கைப் பார்த்ததைவிட, முன்பு அவர் வந்து வேண்டாம் என்று சொன்னதைத்தான் அந்தக் குழு நினைவில் வைத்திருந்தது என்று பிற்பாடு அத்தைக்குத் தெரியவந்தது.

பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் தூரத்து ஊர் ஒன்றின் சிறிய மருத்துவமனைக்கு அத்தை போனார். அப்பா வண்டி ஓட்டினார், நானும் போயிருந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார் என்று மட்டும் அங்கே சொல்லியிருந்தார்கள். தாழ்வான கட்டிடம், பச்சைச் சாயம் உரிந்த சுவர், நடைபாதை முழுக்க மருந்து வாடை. அத்தையும் நானும் அறையின் பின்பக்கம் உட்கார்ந்தோம். இளம் செவிலியர் ஒருவர் ஒரு சின்னப் பையனோடும் அவன் அப்பாவோடும் பேசிக்கொண்டிருந்தார். பையனின் தோள் திடீர் திடீரென்று காதுவரை ஏறி இறங்கியது.

“இப்ப வருதா?”

“வரப்போகுது.”

“எங்க?”

“இங்க.” தோளின் உச்சியைத் தொட்டுக் காட்டினான்.

“வரட்டும். நீ என்ன பண்ணப்போறே?”

முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு மூச்சு விட்டான். அவன் அப்பாவும் தன்னையறியாமல் அப்படியே செய்தார்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.” கொஞ்சம் பொறுத்து, “இல்ல, இன்னொண்ணு வருது” என்றான். தோள் ஏறி இறங்கியது. செவிலியர் கண்டுகொள்ளவே இல்லை. அத்தை சொல்லிக்கொடுக்கும் விதமும் அதுதான். ஆனால் இந்தப் பெண் அத்தையைப் பார்த்ததே இல்லை.

பையன் திரும்பி எங்களைப் பார்த்தான். “அந்த ஆன்ட்டி எதுக்கு வந்திருக்காங்க?”

“ஆஸ்பத்திரியைப் பாக்க” என்றார் செவிலியர்.

“நாற்காலியெல்லாம் நல்லா இருக்கான்னு பாக்க வந்தேன்பா” என்றார் அத்தை.

“உங்களுது ஆடும்” என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். தோள் அதன் பாட்டுக்கு ஏறியது. அவன் முழங்கையை ஒட்டினான். அடுத்தது ஏறவில்லை.

அத்தை பெரிய மேடைகளில் பரிசு வாங்கியபோது நான் கீழே உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன். மேடையில் அவர் எப்போதும் சங்கடத்தோடு நெளிவார். அன்று அந்த ஆடும் நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே அப்பா வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். “என்னக்கா, எப்படி?”

“என்னை யாருன்னே அவனுக்குத் தெரியலடா.”

“அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?”

“என் கண்ணு முன்னாடியே தோளைத் தூக்கினான்” என்றார் அத்தை, தன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்வது போல. “கொஞ்சம்கூட மறைக்கல. அப்புறம் அவனே நிறுத்தினான். அவனே.”